குளிராத ஊரில் குளிர்காலக் காய்கள்

பொங்கலுக்கு முதல்நாள் காலையில் காரைக்கால் கடைத்தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் முதலில் கண்ணில் படும். அவை இருக்கட்டும். தரையில் சாக்கு விரித்துக் குவித்திருக்கும் காய்களைக் கவனியுங்கள். பச்சை மொச்சை, அவரை, பரங்கி, வெள்ளைப் பூசணி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, கருணை, சிறுகிழங்கு, கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு என்று எல்லாம் ஒன்றாக வந்திறங்கியிருக்கும். மறுநாள் இவற்றில் ஐந்தோ, ஏழோ, ஒன்பதோ ஒரே சட்டியில் கூடிப் பொங்கல் குழம்பாகும். ஒற்றைப்படை எண்ணாக இருக்கவேண்டும் என்பது பாட்டியின் கட்டளை. அதற்கு விஞ்ஞானத்தில் காரணம் தேடி நான் அலையப்போவதில்லை. நான் கேட்பது வேறொரு கேள்வி.

இந்தக் காய்கள் ஏன் இப்போது வருகின்றன? சித்திரையில் ஏன் பச்சை மொச்சை குவிவதில்லை?

"இது குளிர்காலக் காய், அதனால்தான்" என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். ஆனால் காரைக்காலில் குளிர் எங்கே இருக்கிறது? ஊர் கடலோரத்தில், வடக்கு அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. விடியற்காலையில் புல்லின் மேல் பனித்துளி இருக்கும், கோலம் போடும் அக்காள் தலையில் துண்டு கட்டியிருப்பாள், அவ்வளவுதான். எட்டு மணிக்கு வெயில் ஏறிவிடும். முட்டைக்கோசும் காலிபிளவரும் நன்றாக விளையக் குளிர்ச்சி வேண்டும் என்பது உண்மை. அதனால்தான் அவை மலைப்பகுதிகளிலிருந்தும் குளிர்ந்த மேட்டு நிலங்களிலிருந்தும் லாரியில் நமக்கு வருகின்றன. மொச்சைக்கு அப்படிக் குளிர் தேவையில்லை. பிறகு அது தையை எப்படி அறிகிறது?

கொடி பார்க்கும் கடிகாரம்

இதற்கு விடை காண முதலில் ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். பல பஞ்சாங்கங்களில் 'அகஸ்' என்று ஒரு கணக்கு இருக்கும். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எத்தனை நாழிகை என்பதே அது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆனி மாதத்தில் அகஸ் 32 நாழிகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்; மார்கழியில் 29-க்கும் கீழே இறங்கியிருக்கும். மணிக்கணக்கில் சொன்னால், காரைக்காலில் ஜூன் 21-ஆம் நாளையொட்டிப் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம். டிசம்பர் 22-ஐ ஒட்டிப் பகல் ஏறக்குறைய 11 மணி 29 நிமிடம். வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான்.

காரைக்கால் 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அன்று இங்கே ஆணையிட்ட பாரிஸ் நகரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அங்கே கோடையில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் 8 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். எட்டு மணி நேர வேறுபாடு! அந்த ஊரில் ஒரு செடி பருவத்தைக் கண்டுகொள்வதில் வியப்பில்லை. நம் ஊரில் பகல் மிக வேகமாகக் குறையும் புரட்டாசியில்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை நிமிடம்தான் குறைகிறது. கையில் கடிகாரம் கட்டிய நாமே அதைக் கவனிப்பதில்லை. வேலியில் படர்ந்த மொச்சைக்கொடி கவனித்துவிடுகிறது.

இந்த உண்மை உலகுக்குத் தெரியவந்த கதை சுவையானது. அமெரிக்க வேளாண்மைத் துறையில் கார்னர், அல்லார்டு என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் புகையிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 'மேரிலாண்டு மாமத்' என்ற வகைப் புகையிலை கோடை முழுவதும் ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்தது, இலை இலையாக விட்டது, பூக்கவே இல்லை. அதே வகை குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பத்தை மாற்றிப் பார்த்தார்கள், உரத்தை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. இன்னொரு புதிரும் இருந்தது. சோயா மொச்சையைச் சில வார இடைவெளி விட்டு விட்டு விதைத்தார்கள். முதலில் முளைத்ததும் கடைசியில் முளைத்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்தன.

கடைசியில் அவர்கள் மிக எளிய ஒன்றைச் செய்தார்கள். வெளிச்சம் புகாத மரக்கொட்டகை ஒன்றைக் கட்டினார்கள். கோடை நடுவில் மாலை நான்கு மணிக்கே செடிகளை அதற்குள் வைத்துக் கதவை மூடினார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தார்கள். கோடைப் பகலைக் குளிர்காலப் பகலைவிடச் சிறியதாக்கிவிட்டார்கள். செடிகள் பூத்தன! 1920-இல் அவர்கள் இந்த முடிவை வெளியிட்டார்கள். இந்தப் பண்புக்கு 'ஒளிக்காலத்துவம்' என்று பெயர். பகல் குறுகினால் பூப்பவை குறும்பகல் தாவரங்கள். பகல் நீண்டால் பூப்பவை நெடும்பகல் தாவரங்கள். இரண்டையும் பொருட்படுத்தாதவையும் உண்டு.

ஆனால் இந்தப் பெயரிலேயே ஒரு பிழை இருப்பது பின்னால் தெரிந்தது. 1938-இல் ஹாம்னர், பானர் என்னும் இருவர் மருளூமத்தைச் செடியை வைத்துச் சோதித்தார்கள். நம் ஊர்த் தரிசு நிலங்களில் முள்காயோடு வளர்ந்து வேட்டியில் ஒட்டிக்கொள்ளுமே, அதே செடிதான். பகல் நடுவில் சிறிது நேரம் இருட்டாக்கினார்கள், செடி கண்டுகொள்ளவில்லை. இரவு நடுவில் சில நிமிடம் விளக்கைக் காட்டினார்கள். செடி பூக்க மறுத்துவிட்டது! ஆகவே செடி பகலை அளப்பதில்லை, இரவை அளக்கிறது. அதுவும் இடையறாத இரவை. இலையில் உள்ள 'பைட்டோகுரோம்' என்னும் நிறமி வெளிச்சத்தில், சிறப்பாகச் சிவப்பு ஒளியில், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது. இருட்டில் மெல்லத் திரும்புகிறது. இலை இப்படித்தான் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிகிறது.

நம் மொச்சையும் அவரையும் ஒரே இனம். ஒன்றை விதைக்காகத் தின்கிறோம், மற்றொன்றைத் தோலோடு தின்கிறோம். இவற்றின் பழைய நாட்டுக் கொடி வகைகள் குறும்பகல் தாவரங்கள். ஆடிப்பட்டத்தில் விதை ஊன்றினால் ஐப்பசி மழையெல்லாம் வாங்கிக்கொண்டு கொடி பந்தலை மூடும். கார்த்திகை, மார்கழியில் இரவு நீண்டதும் பூங்கொத்து விடும். தையில் காய். சற்றுத் தாமதித்து ஆவணியில் ஊன்றினாலும் பூப்பது ஏறக்குறைய அதே காலத்தில்தான். கொடி மட்டும் சிறியதாக இருக்கும். கார்னரும் அல்லார்டும் சோயாவில் கண்டதை நம் ஊர்க் கொல்லையில் பலர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. காரைக்கால் காவிரிப் பாசனத்தின் கடைமடை. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். புயலும் அப்போதுதான் வரும். 2008 நவம்பர் 27-இல் 'நிஷா' புயல் காரைக்காலையொட்டியே கரையைக் கடந்தது. வயலெல்லாம் சம்பா நெல், அதில் கணுக்கால் தண்ணீர். காய்கறிக்குக் கிடைப்பது கொல்லை, வேலி, திடல், ஆற்றுப்படுகை ஆகியவைதான். அடைமழையில் பூத்தால் பூ உதிரும், பிஞ்சு அழுகும். மழை ஓயும் வரை இலையாகவே காத்திருந்து, வானம் வெளுத்த பிறகு பூக்கும் கொடிதான் இங்கே காய்த்து விதை கொடுத்திருக்கும். அந்த விதைதான் அடுத்த ஆண்டுக்கும் பானையில் சேர்ந்திருக்கும்.

எல்லாம் ஒரே கடிகாரம் அல்ல

சிறுகிழங்கும் இரவை அளப்பதுதான். ஆனால் பூப்பதற்கு அல்ல. மண்ணுக்குள் கிழங்கு வைப்பதற்கு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலும் கேரளத்திலும் ஆடி, ஆவணியில் நட்டு, மார்கழி, தையில் வெட்டுகிறார்கள். அங்கிருந்துதான் நம் ஊர்ச் சந்தைக்கும் வருகிறது.

பனங்கிழங்கு அப்படியன்று. அது நாள் எண்ணிக்கொண்டு வருகிறது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டைகளைப் பொறுக்கி மணற்பாத்தியில் அடுக்கி மூடுவார்கள். கொட்டையிலிருந்து ஒரு முளை கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கும். கொட்டைக்குள் இருந்த உணவெல்லாம் மூன்று நான்கு மாதங்களில் அந்த முளைக்குள் மாவுச்சத்தாகச் சேரும். அதைத் தோண்டி எடுத்தால் பனங்கிழங்கு. கிழங்கு என்று சொன்னாலும் அது வேர் அன்று. இளங்குருத்தைச் சுற்றியிருக்கும் உறை பருத்ததே அது. நடுவில் நீங்கள் உருவி எறியும் குருத்துதான் வரப்போகும் பனைமரத்தின் இலை! முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோன்ற இனிப்பான பொருள் இருக்கும். யாழ்ப்பாணத்தார் அதைப் பூரான் என்பர். நம் பக்கத்தில் தவண் என்பாரும் உண்டு. கொட்டையின் உணவைக் கரைத்து முளைக்கு அனுப்பும் உறுப்பு அதுவே.

பரங்கியும் பூசணியும் வேறு வகை. அவற்றின் சிறப்பு காய்ப்பதில் இல்லை, தாங்குவதில் இருக்கிறது. முற்றிய பரங்கியின் தோல் தடித்து மெழுகு பூசியதுபோல் இருக்கும். நீர் எளிதில் வெளியேறாது. உத்தரத்தில் உறிகட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் வைக்கும் மஞ்சள் பூவும் இந்தக் கொடியினுடையதுதான். பூவுக்கு அடியில் சிறு உருண்டை இருந்தால் அது பெண் பூ. பறித்தால் ஒரு காய் போயிற்று. நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. கொடியில் ஆண் பூக்களே மிகுதி. கோலத்துக்கு எதைப் பறிக்கவேண்டும் என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சட்டிக்குள் நடப்பது

இனி அடுப்படிக்குப் போவோம். பொங்கல் குழம்பு செய்யும்போது அம்மா எல்லாக் காயையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. முதலில் மொச்சை, பிறகு கிழங்குகள், பிறகு வாழைக்காய், அவரை, கடைசியில் பரங்கி. எல்லாம் முக்கால்பதம் வெந்த பிறகே புளிக்கரைசல். இந்த ஒழுங்கு தப்பினால் குழம்பு கெடும். ஏன்?

காயின் உயிரணுக்கள் செங்கல் போல் அடுக்கப்பட்டவை. அவற்றை ஒட்டிவைத்திருக்கும் சாந்து 'பெக்டின்' என்னும் பொருள். காய் வேகிறது என்றால், சூட்டில் இந்தச் சாந்து கரைந்து செங்கற்கள் நெகிழ்கின்றன என்று பொருள். புளியில் உள்ள அமிலம் பெக்டின் கரைவதைத் தடுக்கிறது. புளியை முதலிலேயே ஊற்றினால் மொச்சை மணிக்கணக்கில் கொதித்தாலும் பல்லுக்கு உறைக்கும்.

கரையோரத்து வீடுகளில் இன்னொரு தொல்லை. கிணற்றுநீர் பல இடங்களில் கடினநீர், உவர்ப்பும் உண்டு. கடினநீரில் உள்ள கால்சியம் பெக்டினோடு சேர்ந்து சாந்தைச் சிமிட்டியாக்கிவிடுகிறது. "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்று பாட்டி அலுத்துக்கொள்வது வெறும் அலுப்பு அன்று, நல்ல வேதியியல். கூரையிலிருந்து வரும் மழைநீரை அண்டாவில் பிடித்துச் சமையலுக்கு வைக்கும் பழைய வழக்கத்தின் அருமை இங்கே விளங்கும். மழைநீர் மென்னீர்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காய்ந்த மொச்சை அறுபதை எண்ணி எடுத்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, இருபது இருபதாக மூன்று சிறு பாத்திரங்களில் போடுங்கள். ஒன்றில் மழைநீர், அல்லது சுத்திகரித்த குடிநீர், இரண்டாவதில் கிணற்றுநீர், மூன்றாவதில் மழைநீரோடு நெல்லிக்காய் அளவு புளி கரைத்த நீர். நீரின் அளவும் அடுப்பின் தீயும் ஒன்றாக இருக்கட்டும். கொதி வந்த பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு மொச்சையைக் கரண்டியால் எடுத்து, ஆறவைத்து, விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். எது எத்தனையாவது நிமிடத்தில் நசுங்கியது என்று எழுதுங்கள். அரைவேக்காட்டு மொச்சையை வாயில் போடவேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வாயில் போடவேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. காய்ந்த மொச்சையில் சயனைடு தரக்கூடிய பொருள் சிறிதளவு இருக்கிறது. பூச்சியோ விலங்கோ கடித்தால் உயிரணு உடைந்து, உள்ளிருக்கும் நொதி அந்தப் பொருளோடு கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு பிறக்கும். செடியின் தற்காப்பு அது. நல்லவேளையாக, அந்த நச்சு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகக்கூடியது, நீரிலும் கரையும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுத் திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவைத்தால் அது நீங்கிவிடுகிறது. வெந்த நீரையும் வடித்துக் கொட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. காய்ந்த மொச்சைக்கு அது நல்ல வழக்கமே. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் மொச்சையில் உள்ளன. அவையும் சூட்டில் பெரும்பாலும் அழிகின்றன. பச்சை மொச்சையையும் வேகவைத்தே உண்ணவேண்டும்.

விரைவில் வேகச் சோடா மாவு போடுவார் உண்டு. காரத்தன்மையில் பெக்டின் சீக்கிரம் கரையும் என்பது உண்மைதான். அவரையின் பச்சை நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் பயறு வகைகள் நமக்குத் தரும் வைட்டமின் பி1 காரத்தில் அழிந்துபோகும். அழகான அவரைப் பொரியலைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகம்தான்.

கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும். அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் குண்டூசிப் பொட்டலம் போல் தெரியும். புளி அந்த ஊசிகளைக் கரைத்துவிடுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அவ்வளவு மென்மையான அமிலத்தில் கால்சியம் ஆக்சலேட் எளிதில் கரைவதில்லை. ஊசிகள் குத்தும்போது கூடவே செல்லும் புரதங்களும் அரிப்புக்குக் காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அவை நீண்ட வேக்காட்டில் செயலிழக்கும். ஆகவே புளியை நம்பி அரைவேக்காட்டில் இறக்கிவிடாதீர்கள்.

சர்க்கரைவள்ளியில் நடப்பது இதற்கு நேர்மாறான அதிசயம்; அங்கே நொதி நமக்கு நண்பன். பச்சைக் கிழங்கைக் கடித்தால் இனிப்பு குறைவு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டின்மேல் அயோடின் விட்டால் கருநீலமாக மாறும், மாவுச்சத்து. கிழங்கைச் சூடாக்கும்போது 60, 70 டிகிரி அளவில் மாவுச்சத்து நெகிழ்கிறது. அப்போது அதிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி அதை 'மால்டோஸ்' சர்க்கரையாக உடைக்கிறது. சூடு மேலும் ஏறினால் நொதி அழிந்துவிடும். கொதிக்கும் நீரில் சிறு துண்டுகளாகப் போட்டால் நொதிக்கு வேலை செய்ய நேரமில்லை. முழுக் கிழங்கைத் தணலடிச் சாம்பலில் புதைத்தால் சூடு மெல்ல ஏறும். நொதி நெடுநேரம் வேலை செய்யும். சுட்ட கிழங்கு ஏன் வெல்லமாக இனிக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? குழம்புக்கும் பெரிய துண்டுகளாகவே நறுக்கச் சொல்லுங்கள்.

பரங்கியின் மஞ்சள் நிறம் 'கரோட்டின்'. உடலுக்குள் இது வைட்டமின் ஏ ஆக மாறும், கண்பார்வைக்கு வேண்டியது. இது நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெறும் நீரில் அவித்த பரங்கியிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது குறைவு. தேங்காய் அரைத்துவிட்டாலோ, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டாலோ அதிகம் கிடைக்கும். நம் பக்கத்துக் குழம்பில் இரண்டும் இருக்கின்றன.

சளி பிடிக்குமா?

பழங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. காரைக்கால் என்றதும் காரைக்கால் அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும் நினைவுக்கு வரும். அது ஆனிப் பௌர்ணமியில். மாம்பழம் கோடைக்கு உரியது. மார்கழி, தையில் நமக்குக் கிடைப்பவை கொய்யாவும் நெல்லியும் இலந்தையும். கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்த வைட்டமின் சூட்டில் அழியும், நீரில் கரைந்து போகும், நறுக்கிவைத்தால் காற்றில் குறையும். குழம்பில் கொதித்த காய்களில் அது அதிகம் மிஞ்சுவதில்லை. ஆகவே பச்சையாகத் தின்னும் பழத்திலிருந்துதான் அதைப் பெரும்பாலும் பெறவேண்டும்.

ஆனால் சரியாக இந்த மாதங்களில்தான் வீட்டில் தடை போடுவார்கள். "கொய்யா குளிர்ச்சி, சளி பிடிக்கும்" என்பார்கள். சளி பிடிப்பது வைரஸ்களால். ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கையாலும் மூச்சாலும் தொற்றுவது. மழைக்காலத்தில் கதவடைத்து நெருங்கியிருப்பதால் அது அதிகமாகப் பரவுகிறது. அதே நேரத்தில் கொய்யாவும் பழுப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. வைட்டமின் சி தின்றால் சளியே வராது என்பதும் தவறு. அப்படி ஒன்றும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. பழம் குற்றவாளியும் அன்று, மருந்தும் அன்று. கழுவித் தின்னுங்கள். பாட்டியிடம் வாதாடவேண்டாம், இரண்டாகப் பிளந்து பாதியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இரவை மறந்த மொச்சை

விஞ்ஞானம் மொச்சையின் கடிகாரத்தைக் கழற்றியும் பார்த்துவிட்டது. பெங்களூரில் ஹெப்பாளில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தார் 'ஹெப்பாள் அவரை' என்னும் குத்துச்செடி வகைகளை உருவாக்கினார்கள். இவை இரவின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. எப்போது விதைத்தாலும் குறித்த நாளில் பூக்கும். தமிழ்நாட்டிலும் செடி அவரை வகைகள் பரவிவிட்டன. உழவருக்கு இது பெரிய உதவி. பொங்கலன்று எல்லோரும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டி விலை வீழ்வதற்குப் பதில், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விற்கலாம். பந்தல் செலவும் இல்லை. ஆயினும் பழைய கொடி மொச்சையைத் தொட்டால் கையில் ஒட்டும் எண்ணெய்ப் பசையும் அதன் மணமும் இவற்றில் அவ்வளவாக இல்லை என்று சொல்வோர் பலர். பெங்களூர்க்காரர்களும் இன்றுவரை மார்கழிப் பனியில் வரும் அவரையைத்தான் மோந்து பார்த்து வாங்குகிறார்கள். எனக்கும் கொடி மொச்சையின் பக்கம்தான் சாய்வு. ஆனால் என் நாக்கு உழவரின் கணக்கை எழுதமுடியாது.

நாட்டுக் கொடிக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் இடைஞ்சல் வரக்கூடும். ஹாம்னரும் பானரும் மருளூமத்தைக்கு இரவில் காட்டிய விளக்கை நினைவுகூருங்கள். தெருவிளக்கின் அருகே விதைத்த சோயாச் செடிகள் பூக்கவும் முற்றவும் தாமதிப்பதை வெளிநாட்டு வயல்களில் கண்டிருக்கிறார்கள். நம் தெருக்களிலும் இப்போது விடியவிடிய விளக்கு எரிகிறது. வேலியோர மொச்சைக்கு அது என்ன செய்கிறது? திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ திருமலைராயன்பட்டினத்திலோ இருக்கும் உங்களைத் தவிர இதை யார் பார்த்துச் சொல்லமுடியும்?

நாட்டுக் கொடி விதையாகப் பார்த்து வாங்கி, ஆடியில் இரண்டு இடத்தில் ஊன்றுங்கள். ஒன்று விளக்கு வெளிச்சம் படும் வேலியோரம். இன்னொன்று வீட்டின் மறுபக்கம், இருட்டில். மண், எரு, நீர், பகல் வெயில் ஆகியவை இயன்றவரை ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சோதனை பயனற்றது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதை போதாது, ஐந்தாவது ஊன்றுங்கள். இரவில் வேலியோரத்தில் நின்று செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். தலைப்பு மட்டும் தெரிகிறதா, சிறிய எழுத்தும் படிக்கமுடிகிறதா என்று குறியுங்கள். வெளிச்சத்தை அளக்கக் கருவி இல்லாதபோது அதுவே நமக்குக் கருவி. ஐயம் வந்தால், காரைக்காலில் 1987 முதல் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஆசிரியரோடு போய்க் கேட்கலாம்.

கார்த்திகை பிறந்தது முதல் நாள்தோறும் காலையில் கொடியைப் பாருங்கள். முதல் மொட்டு எந்த நாளில், முதல் பூ எந்த நாளில், முதல் பிஞ்சு எந்த நாளில் என்று ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நடுவில் புயலால் மின்சாரம் நின்று தெருவிளக்கு எரியாத இரவுகள் வந்தால், அந்தத் தேதிகளையும் மறக்காமல் ஓரத்தில் குறித்துவையுங்கள்.